சஹ்யாத்ரி மழைக்கு ஒரு ஜோடி தோல் பூட்ஸ்

மஹாராஷ்டிரத்தின் மேற்குத் தொடர்ச்சி மலையான சஹ்யாத்ரியில், லோனாவாலாவில் இறங்கி, துங்கார்லி வழியாக ராஜ்மாச்சிக் கோட்டையின் அடிவாரக் கிராமமான உதேவாடிக்கு நடந்துகொண்டிருந்தோம். சுமார் 15 கிலோமீட்டர். ஏற்றம் அதிகம் இல்லாத பாதைதான், ஆனால் மாதம் ஜூலை. காலையில் பிடித்த மழை ஒரு நிமிடம்கூட விடவில்லை. என் காலில் 12,000 ரூபாய் கொடுத்து வாங்கிய பூட்ஸ். தோலுக்கு உள்ளே நீர்புகாத மெம்பிரேன் உறை வைத்துத் தைத்தது. "ஒரு சொட்டு இறங்காது மேடம்" என்று கடையில் சொல்லித்தான் கொடுத்தார்கள்.

அவர்கள் சொன்னது பொய் இல்லை. தோல் வழியாக ஒரு சொட்டும் இறங்கவில்லை. பேண்ட் நனைந்தது, அதிலிருந்து காலுறை நனைந்தது, காலுறையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கணுக்கால் வழியாக உள்ளே போனது. அப்புறம் நாலைந்து ஓடைகளைத் தாண்டினோம். இரண்டில் முழங்கால் அளவு தண்ணீர். உதேவாடியில் தங்கிய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தேன். ஒவ்வொன்றிலிருந்தும் அரை டம்ளர் தண்ணீர் கொட்டியது. பாதம் இரண்டும், நாள் முழுக்கத் துணி துவைத்த கை போல வெளுத்துச் சுருங்கியிருந்தன. வெளித் தண்ணீரை உள்ளே விடாத உறை, உள்ளே போன தண்ணீரையும் வெளியே விடாது. இது வாங்கும்போது என் புத்திக்கு எட்டவில்லை.

அந்த வீட்டு மாவ்ஷி (மராத்தியில் சித்தி) பரிதாபப்பட்டு, அடுப்பங்கரையில் விறகடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார். நானும் வைத்தேன். காலையில் ஒரு பூட்ஸின் முன்பக்கத் தோல் அப்பளம் போல விறைத்திருந்தது. சோல் ஓரத்தில் பசையும் விட்டிருந்தது. அதையே போட்டுக்கொண்டு கொண்டிவடே பக்கம் இறங்கினேன். கொங்கணத்தை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் வழி அது. ஊறிய பாதம் உரசி இரண்டு குதிகாலிலும் கொப்புளம், வலது காலில் அது உடைந்தும் விட்டது. அன்று இரவு மும்பை வந்து சேர்ந்தால் ஹிந்த்மாதா பக்கம் முழுக்கத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. காலில் புண்ணோடு தேங்கிய நீரில் நடந்தவர்கள் எலிக்காய்ச்சலுக்கு முன்தடுப்பாக மாத்திரை போட்டுக்கொள்ளும்படி மாநகராட்சி ஒவ்வொரு மழைக்காலமும் சொல்கிறது. டாக்டரிடம் போய் அதையும் வாங்கிப் போட்டுக்கொண்டேன். கால் கொப்புளம் இந்த ஊரில் சின்ன விஷயம் இல்லை.

பூட்ஸ் காய நாலு நாள் ஆனது. ஃபேனுக்குக் கீழேயே வைத்திருந்தும் ஐந்தாம் நாள் வாடை வந்தது. அடுத்த மழைக்காலத்தில் விரல் மடங்கும் இடத்தில் உள்ளுறை கிழிந்தது. கிழிந்த உறையைத் தைக்கவோ ஒட்டவோ வழியில்லை. அதன் பிறகு தண்ணீர் வெளியிலிருந்தும் வந்தது, வழக்கம்போல வெளியே மட்டும் போகவில்லை.

மெம்பிரேன் எப்படி வேலை செய்கிறது என்பதை அப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். 1969இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர், நம் நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பூசியிருக்கும் அதே வகைப் பொருளின் சூடான தண்டு ஒன்றை வெடுக்கென்று இழுத்தபோது, அது பல மடங்கு நீண்டு, நுண்துளைகள் நிறைந்த பொருளாக மாறியது. நீர்த்துளி நுழைய முடியாத, நீராவி மட்டும் நுழையக்கூடிய துளைகள். நல்ல கண்டுபிடிப்புதான். ஆனால் நீராவி தானாக வெளியே ஓடிவிடாது. உள்ளே சூடும் ஈரமும் அதிகமாக இருந்து, வெளியே குளிரும் வறட்சியும் இருந்தால்தான் அது வெளியே தள்ளப்படும். ஆல்ப்ஸ் மலையிலோ இமயத்திலோ அது நடக்கும். ஜூலை மாதத்தில் லோனாவாலாக் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைச் சுற்றி நிற்கும்போது உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் ரொம்பக் குறைவு. வியர்வை பெரும்பாலும் உள்ளேயே தங்குகிறது. அக்டோபர் கடைசியிலிருந்து மே வரைக்குமோ இங்கே மழை அரிது, அந்த மாதங்களில் நீர்புகா உறைக்கு வேலையே கிடையாது. காலுக்குக் கூடுதல் சூடுதான் மிச்சம்.

என் அம்மாவின் ஊர் ஆம்பூர். மாமா அங்கே ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் 30 வருடம் வேலை பார்த்தவர். ஃபோனில் கதையைச் சொன்னேன். "இன்னா பாப்பா, தோலு வாங்கிட்டு உள்ளாற பிளாஸ்டிக் போட்டுக்கினா அப்புறம் தோலு எதுக்கு?" என்று கேட்டார். எனக்கு அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. தோல் வியர்வையைத் தானே உறிஞ்சிக்கொள்ளும், கழற்றி வைத்தால் விட்டுவிடும். அதற்கும் காலுக்கும் நடுவில் ஓர் ஏட்டை வைத்து அந்த வேலையைத் தடுக்கிறோம். மும்பை மழையில் நனையாத பூட்ஸ் என்று ஒன்று இல்லை. நனைந்தால் சீக்கிரம் காய வேண்டும், காய்ந்த பிறகும் அதே வடிவத்தில் இருக்க வேண்டும். நான் தேட வேண்டியது அதைத்தான் என்று புரிந்துகொண்டேன்.

தேடுவது சுலபமாக இல்லை. கடைகளில் கணுக்கால் உயர ட்ரெக்கிங் பூட்ஸ் என்று கேட்டாலே உறை வைத்ததைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். "வாட்டர்ப்ரூஃப்" என்று எழுதியிருப்பதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று உள்ளே உறை வைத்தது. இன்னொன்று பதனிடும்போதே தோல் நார்களுக்குள் நீர் ஒட்டாத எண்ணெய் ஏற்றியது, அதில் உறை இருக்காது. நான் கேட்டது இரண்டாவது வகை. கடைக்காரருக்கே பல நேரம் தெரியாது. அதனால் உள்ளே கைவிட்டு லைனிங்கைக் கிள்ளிப் பார்ப்பேன். உறை வைத்த சில ஜோடிகளில் பாலித்தீன் பை போல மெல்லிய சரசரப்பு வரும். லைனிங் தோலிலிருந்து தனியாக, ஒரு சாக்ஸ் போல நகரும்.

தோலைப் பார்ப்பது எப்படி என்று மாமா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதை எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள். ஒரு முழுத் தோலில் முதுகும் பின்பகுதியும் இறுக்கமான நார், வயிற்றுப் பகுதி தளர்ந்த நார். நல்ல கம்பெனியில் பூட்ஸின் முன்பாகம் முதுகுத் தோலில் வெட்டப்படும், நாக்கு போன்ற கண்ணில் படாத பாகங்கள் வயிற்றுப் பக்கம். விலை குறைக்க நினைப்பவர்கள் முன்பாகத்துக்கும் வயிற்றுத் தோலைப் போட்டுவிடுவார்கள். புதிதில் வித்தியாசம் தெரியாது, நாலு முறை நனைந்து காய்ந்ததும் தொளதொளவென்று ஆகிவிடும். கண்டுபிடிக்க, விரல் மடங்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். மெல்லிய, நெருக்கமான சுருக்கங்கள் ஓடி, கையை எடுத்ததும் மறைந்தால் நல்ல தோல். குழாய் குழாயாகப் பெரிய மடிப்பு விழுந்தால் தளர்ந்த தோல். சுருக்கமே விழாமல் வழவழவென்று இருந்தால் மேற்பரப்பைத் தேய்த்துவிட்டு மேலே பெயிண்ட் பூசியிருக்கிறார்கள். அந்தப் பூச்சு வெடித்தால் அங்கே தண்ணீர் புகும், மெழுகும் ஏறாது.

"ஜெனுயின் லெதர்" என்ற முத்திரையை நம்பி முடிவெடுக்காதீர்கள். தோலை இரண்டாகச் சீவி, கீழ்ப்பாதியின் மேல் பிளாஸ்டிக் பூச்சு கொடுத்ததற்கும் அந்த முத்திரை இருக்கும். அது மும்பையில் இரண்டு மழைக்காலம் தாங்காது, தோசை விளிம்பு போல உரிந்து வரும். கேட்க வேண்டிய சொல் ஃபுல் கிரெய்ன், அதாவது மேற்பரப்பைத் தேய்க்காத மேல்தோல். தடிமன் இரண்டரை மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் நடைக்குப் போதும். நாக்கின் ஓரத்தில் வெட்டு விளிம்பு தெரியும், அங்கே நார் நாராக இருக்கிறதா, அடுக்கடுக்காக இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது தையல். தண்ணீர் தோலைவிடத் தையல் துளை வழியாகத்தான் முதலில் வரும். ஆகவே முன்பாகத்தில் எத்தனை துண்டு குறைவோ அவ்வளவு நல்லது. அலங்காரத்துக்காக ஏழெட்டுத் துண்டு ஒட்டித் தைத்ததைத் தொடவே வேண்டாம். நாக்கு இரண்டு பக்கமும் மடிப்புத் தோலால் உடம்போடு சேர்ந்திருக்க வேண்டும். அந்த மடிப்பு எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழத் தண்ணீர் வரை தாங்கும். கழுத்துப் பகுதியில் மெத்துமெத்தென்று நுரைப் பஞ்சு நிறைய வைத்திருந்தால் கடையில் சொகுசாக இருக்கும், ஆனால் அந்தப் பஞ்சுதான் கடைசியாகக் காயும். என் ராஜ்மாச்சி பூட்ஸில் வாடை அடித்ததும் அங்கேதான்.

கடைசியில் நான் வாங்கியது ஆம்பூரில் ஏற்றுமதிக்குச் செய்ததில் மிச்சமான ஒரு ஜோடி. மாமா பார்த்து எடுத்து வைத்தார். 4,500 ரூபாய். தடிமனான பழுப்புத் தோல், மெல்லிய தோல் லைனிங், முன்பாகம் ஒரே துண்டு. உள்ளே வேறு எதுவும் இல்லை. இதற்காகவே ஒரு தடவை ஆம்பூர் போய்ப் போட்டுப் பார்த்தேன், அது வீண் செலவில்லை. பூட்ஸைப் போட்டுப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

ஏனென்றால் சின்ன வயதிலிருந்து செருப்பிலேயே வளர்ந்த கால் என்னுடையது. விரல் பக்கம் அகலம், குதிகால் ஒடுக்கம். வெளிநாட்டு அச்சில் செய்த பூட்ஸ் பல முன்னால் நெருக்கும், பின்னால் ஆடும். சைஸைக் கூட்டினால் நெருக்கம் போகும், ஆட்டம் கூடும். நான் செய்வது இதுதான்: மாலையில் போவேன், அதற்குள் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். மலைக்குப் போடும் தடித்த சாக்ஸையே எடுத்துப் போவேன். கயிறு கட்டாமல் காலை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். கயிறு கட்டியதும் குதிகால் தூக்கக் கூடாது. அப்புறம் கடைப் படிக்கட்டில் இறங்கிப் பார்ப்பேன். விரல் நுனி முன்னால் இடித்தால் அந்த ஜோடி வேண்டாம். மஹாராஷ்டிரத்தின் உயரமான சிகரம் கல்சுபாய் 1,646 மீட்டர், அதன் இரும்பு ஏணிகளில் ஏறுவது பெரிய சிரமம் இல்லை. இறங்கி வரும்போதுதான் விரல்கள் முன்னால் போய் இடித்துக்கொண்டே வரும். கால் நகம் கறுத்துப்போவது அங்கேதான்.

தோல் முதலில் கடினமாகத்தான் இருக்கும். வீட்டில் சமைக்கும்போது, கீழே காய்கறி வாங்கப் போகும்போது என்று மூன்று வாரம் போட்டுப் பழக்கினேன். முதல் வாரம் கணுக்கால் எலும்பில் உறுத்தியது. மூன்றாவது வாரம் மடிப்புகள் என் விரல் மடங்கும் இடத்திலேயே விழுந்துவிட்டன. அதன் பிறகு இத்தனை வருடத்தில் ஒரு கொப்புளமும் இல்லை.

பராமரிப்பில் ஒரு தவறு செய்தேன். அத்தை சொன்னார் என்று முதல் மழைக்காலத்துக்கு முன் தேங்காய் எண்ணெய் தாராளமாகத் தடவினேன். ஊரில் தோல் செருப்புக்கு விளக்கெண்ணெய் தடவி மெதுவாக்குவது எல்லோருக்கும் தெரிந்த பழக்கம்தான். ஆனால் பூட்ஸ் செருப்பு இல்லை. கணுக்காலைப் பிடித்து நிறுத்த வேண்டிய தோல் அளவுக்கு மீறி இளகியது, ஆகஸ்டில் பச்சையாகப் பூஞ்சணமும் பிடித்தது. வெள்ளை வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து துணியால் துடைத்து, நிழலில் காய வைத்து, இரண்டு முறை அப்படிச் செய்த பிறகுதான் போனது. இப்போது தேன்மெழுகு கலந்த பூட் மெழுகு மட்டும். அதுவும் மெல்லியதாக. தையல்களிலும் நாக்கு மடிப்பிலும் பல் தேய்க்கும் பழைய பிரஷ்ஷால் கொஞ்சம் கூடுதலாகத் தேய்ப்பேன். அப்பி வைத்தால் தோலின் துளைகளை நாமே அடைத்துவிடுவோம், அப்புறம் மெம்பிரேன் வைத்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்காது.

நனைந்து வந்த இரவே செய்ய வேண்டியது இது. சேற்றைப் பச்சைத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவி, கயிற்றை முழுக்க உருவி, உள்ளே இருக்கும் பாத அட்டையை வெளியே எடுத்து, நாக்கை நன்றாக முன்னால் இழுத்துவிட்டு, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணிப்பேன். படுக்கப் போகும் முன் ஒருமுறை, விடிந்ததும் ஒருமுறை தாளை மாற்றுவேன். பக்கவாட்டில் சாய்த்து ஃபேன் காற்றில் வைப்பேன். வெயிலும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம், ஹேர் டிரையரும் வேண்டாம். ஜூலை மாதத்திலேயே இரண்டாம் நாள் இரவுக்குள் காய்ந்துவிடுகிறது. லேசான ஈரம் மிச்சம் இருக்கும்போதே மெழுகு போட்டால் நன்றாக இறங்கும்.

வழியில் தங்கும் ட்ரெக்கில் இவ்வளவு முடியாது. அங்கேயும் செய்தித்தாள் உதவும். ராத்திரி முழுக்கத் தாள் திணித்து வைத்தால் காலையில் பூட்ஸ் ஈரமாகத்தான் இருக்கும், ஆனால் சொட்டாது. காய்ந்த கம்பளி சாக்ஸ் போட்டு அரை மணி நேரம் நடந்தால் கால் சூட்டிலேயே மீதி ஈரம் வெளியேறத் தொடங்கும். உறை வைத்ததில் இது இவ்வளவு சுலபமாக நடக்காது. இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸைப் பிளாஸ்டிக் பையில் பத்திரமாகக் கட்டி எடுத்துப் போவதை நான் பூட்ஸுக்குச் சமமாக நினைக்கிறேன்.

எல்லா நடைக்கும் தோல் பூட்ஸ் என்று சொல்ல மாட்டேன். ஓடைக்குள்ளேயே மணிக்கணக்கில் நடக்கும் மழைக்கால வழிகளுக்கு மெல்லிய துணி ஷூதான் நல்லது, தண்ணீர் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் ஓடிவிடும். வறண்ட குளிரில், பனியில் நடப்பவர்களுக்கு மெம்பிரேன் உதவும், அதன் இடம் அதுதான். ஈரப் பாறையில் வழுக்காமல் இருப்பதற்கும் தோலுக்கும் சம்பந்தம் இல்லை. சஹ்யாத்ரியின் கறுப்பு எரிமலைப் பாறையில் மழைக்காலப் பாசி படர்ந்திருக்கும்போது ரப்பர் மெதுவாக இருக்கிறதா என்பதே கேள்வி. நகத்தால் அழுத்திப் பாருங்கள், கொஞ்சமாவது அமுங்க வேண்டும். ஆல்ப்ஸில் தன்னோடு ஏறிய ஆறு நண்பர்களைப் பறிகொடுத்த பிறகு, பொருத்தமில்லாத காலணிதான் காரணம் என்று நினைத்து, விடாலே பிரமானி என்ற இத்தாலியர் 1937இல் கொண்டுவந்ததுதான் விப்ரம் ரப்பர் சோல். கால் வழுக்குவது உயிர்ப் பிரச்சினை என்பதை அந்தக் கதையைப் படித்த பிறகு நான் மறக்கவில்லை.

சோலைப் பற்றி இன்னொரு விஷயம். என் தோழி ஐந்து வருடம் பெட்டியோடு பரணில் வைத்திருந்த, இரண்டே முறை போட்ட பூட்ஸோடு கல்சுபாய் வந்தாள். பாரி கிராமத்திலிருந்து ஒரு மணி நேரம் ஏறுவதற்குள் சோலின் நடு அடுக்கு நனைந்த ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. துப்பட்டாவைக் கிழித்துக் கட்டி இறக்கினோம். அந்த நடு அடுக்கு பாலியூரிதேன். காற்றின் ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைத்துவிடும், போடாமல் வைத்திருந்தாலும் சரி. மூடிய பெட்டியில் இன்னும் மோசம். அதனால் பாதி விலை என்று கிடைக்கும் பழைய ஸ்டாக்கில் தயாரித்த மாதமும் வருடமும் பார்க்காமல் வாங்காதீர்கள். வாங்கியதை வெளியே காற்றுப்படும் ஸ்டாண்டில் வையுங்கள், அடிக்கடி போட்டு நடங்கள்.

தோல் என்றால் இயற்கைப் பொருள், குற்றமில்லாதது என்று நான் நினைக்கவில்லை. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட காலம் போய், இன்று பூட்ஸ் தோல் பெரும்பாலும் குரோமியத்தில் பதனிட்டது. நனைந்து காய்வதைத் தாங்க அதுதான் ஏற்றது. ஆனால் தோல் பதனிடும் கழிவு கலந்து பாலாறு அதற்குக் கொடுத்த விலையை அம்மாவின் ஊரில் பார்த்திருக்கிறேன். 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லும் அளவுக்குப் போன விஷயம் அது. பாட்டி வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை நாங்கள் குடித்ததில்லை. அதனால்தான் ஒரு ஜோடியை வாங்கினால் பத்து வருடமாவது போட வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன். அதற்குச் சோல் மாற்றக்கூடிய ஜோடியாக இருக்க வேண்டும். சோலை உடம்போடு தைத்திருக்கிறார்களா, வெறும் பசையா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பூட்ஸுக்கு ஒருமுறை சோல் மாற்றியாகிவிட்டது. தாராவி 90 அடி சாலைப் பக்கம் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். முதல் தடவை கொண்டுபோனபோது மேல்தோலைக் கட்டைவிரலால் அழுத்தினார், உள்ளே கைவிட்டுப் பார்த்தார். "உள்ள ரப்பர் ஏடு ஒண்ணும் இல்லல்லா? நல்லதாப் போச்சு தங்கச்சி. அது இருந்தா நான் ஆணி அடிச்ச இடமெல்லாம் ஓட்டை, பாத்துக்கிடுங்க" என்றார். பழைய சோலைப் பிரித்து, வெல்ட்டில், அதாவது மேல்தோலையும் சோலையும் சேர்க்கும் பட்டையில், புதிதாகத் தைத்து, நாலு நாளில் கொடுத்தார். 1,400 ரூபாய். இப்போது மறுபடி குதிகால் பக்கம் தேய்ந்திருக்கிறது. மே முதல் வாரத்திலேயே கொண்டுவந்துவிட வேண்டுமாம். அப்புறம் போனால் பள்ளிக்கூட ஷூவும் மழைக்கால வேலையும் குவிந்துவிடும், ஜூனுக்குள் தர முடியாது என்று சொல்லியிருக்கிறார்.